கழுவித் துடைத்த கூனிக் குட்டை

கூனிக் குட்டையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்ற யோசனை ஜவ்வாது மலையில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. வீரனுக்கு வந்தது. வந்த யோசனையை ஆறப்போடாமல் அன்று மத்தியானமே செய்தும் முடித்துவிட்டான். சோம்பேறி என்று ஊரில் நல்ல பேர் எடுத்திருந்தவன், வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் சுறுசுறுப்பாக இருந்து பார்த்தான். அதன் பலனைத்தான் இப்போது அனுபவித்துக்கொண்டிருந்தான்.

நூறு நாள் வேலையில் அவன் பணித்தளப் பொறுப்பாளர். பெயர் நீளமே தவிர வேலை அவ்வளவாகக் கிடையாது. வேலைக்கு வந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து போனில் படம் பிடிக்க வேண்டும். பிடித்த படத்தை ஏற்ற, சிக்னல் கிடைக்கும் பாறையாகத் தேடி ஏற வேண்டும். ஊருக்குக் கீழே ஓடைக்கால்வாயைத் தூர்வாருவதுதான் அந்தச் சித்திரையில் கொடுத்த வேலை. பெண்கள் வெயிலுக்குப் பயந்து விடிந்ததும் வந்து, வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டார்கள். வீரன் அண்ணாந்து பார்த்தான். மேலே கரும்பாறை. பாறையின் நடுவே கூனிக் குட்டை.

இரண்டு மாட்டு வண்டியை அக்கம்பக்கமாக நிறுத்தலாம், அவ்வளவு அகலம். முழங்கால் ஆழம். கோடையில் தண்ணீர் வற்றி, அடியில் இருக்கும் மண் காய்ந்து, அப்பளம் மாதிரி வெடித்துக் கிடக்கும். மழை பெய்து குட்டை நிறைந்தால் கொஞ்ச நாளில் அதில் கூனி வந்துவிடும். சந்தையில் கருவாட்டுக்காரர் படியால் அளந்து போடுகிற சென்னாகூனியைப் போலவே இருக்கும், ஆனால் அது அல்ல. விரல் நகத்தளவு உடம்பு, கண்ணாடி மாதிரி. வாலில் மட்டும் குங்குமத்தைத் தொட்டு வைத்தாற்போல ஒரு சிவப்பு. உலகத்தில் மற்றதெல்லாம் குப்புற நீந்த, இது மல்லாக்கப் படுத்துக்கொண்டு கால்களை ஆட்டி ஆட்டி நீந்தும். ஒன்றிரண்டாக வராது. வந்தால் குட்டையே கொதிப்பது மாதிரி வரும். சில வாரம் இருக்கும். தண்ணீர் வற்றினால் காணாமல் போகும்.

எங்கிருந்து வருகிறது? மழையோடு வருகிறது. மலையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இடி இடித்து, மேகம் கிழிந்து, தண்ணீரோடு கூனியும் விழுகிறது. இல்லாவிட்டால் ஓடை ஒன்றும் வந்து சேராத மொட்டைப் பாறையில் அதற்கு என்ன வேலை?

ஆக, வீரனின் கணக்கு சுத்தமான கணக்கு. மேலேயிருந்து விருந்தாளிகள் இறங்கப் போகிறார்கள். இறங்குகிற பாத்திரம் அழுக்காகக் கிடக்கிறது. கழுவிவைக்க வேண்டாமா?

"எல்லாரும் மேல வாங்கம்மா, ஒரு சின்ன வேல கீது" என்றான்.

காய்ந்த மண் சலித்த மாவு மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் குப்பம்மாவின் கண் விரிந்தது. குப்பம்மா அவனுடைய பெரியப்பா மகள், வேலைக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் முன்னே நிற்பவள். அவள் மகன் பூவரசனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் வீடு பார்க்க வரவேண்டியது பாக்கி. வருவதற்குள் மகனுக்கென்று எழுப்பிய புது வீட்டுக்கு மண் பூச்சு பூசியாக வேண்டும்.

"கோபாலு வூட்டுக் கொல்லையில மண்ணு கேட்டா மூஞ்சத் திருப்பிக்கினு போறான். இத்த எடுத்துக்கட்டுமா வீரா?"

"கேக்கணுமா அக்கா? தாய்மாமன் சீரா வெச்சுக்க" என்றான் வீரன், அரண்மனையை எழுதிக் கொடுக்கிற தோரணையில்.

மண் முழுக்கக் கூடை கூடையாகக் குப்பம்மா வீட்டுக்கு இறங்கியது. அதற்கப்புறம் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, பாறை இடுக்கு விடாமல் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். குட்டை பளபளவென்று, பூஜைத் தட்டு மாதிரி ஆனது. வீரன் படம் எடுத்து, ரேணுகாதேவிக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். 'உங்க குட்டை ரெடி மேடம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கும்பிடும் மூன்று ரோஜாப்பூவும் வைத்தான்.

பதில் சாயங்காலம்தான் வந்தது. இரண்டே சொல். 'மண்ணு எங்க?'

மேடம் பாராட்டுகிறார் என்றே அவன் நினைத்துக்கொண்டான்.

ரேணுகாதேவி கண்ணமங்கலத்துப் பெண். ஆராய்ச்சி மாணவி. முதலில் அவள் எடுத்துக்கொண்டது கடல் கூனியைத்தான். கரையோரக் கடலில் பருவத்துக்குப் பருவம் அது திரண்டு வருவதையும், அந்தத் திரளில் குஞ்சு எத்தனை, ஆண் எத்தனை, முட்டை சுமக்கிற பெண் எத்தனை என்பதையும் பார்த்து எழுத வேண்டும். படிப்பில் குறை ஒன்றுமில்லை. படகில் கால் வைத்தால் வாந்தி. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே வாந்தி. கடைசியில் அவளே பேராசிரியரிடம் போய், "ஆடாம ஒரே இடத்துல நிக்கிற தண்ணி ஏதாவது கொடுங்க சார்" என்று கேட்டாள். அப்படித்தான் அவள் மலைக்கு வந்தாள். கடல் கூனிக்கு மலைக் கூனி தூரத்து உறவாம். இதுவும் திரண்டு வரும், இதிலும் அதே கணக்குப் பார்க்கலாம், வாந்தி வராது.

குட்டையைக் காட்டிக் கொடுத்தது வீரன். "இது எங்கயும் போவாது மேடம். வருசா வருசம் கூனி வரும். நான் கியாரண்டி" என்று மார்பில் தட்டிச் சொன்னான். இரண்டு மழைக்காலம் அவன் சொன்னபடியே வந்தது. இது மூன்றாவது, கடைசி. இது முடிந்தால்தான் அவள் எழுதி முடிக்க முடியும்.

மறுநாள் ஆலங்காயத்திலிருந்து வருகிற முதல் பஸ்ஸில் ரேணுகா இறங்கினாள். பையைக்கூட வைக்காமல் பாறைக்கு ஏறினாள். வீரன் பின்னாலேயே, பாராட்டு வாங்குவதற்கு வாகான முகத்தோடு போனான்.

அவள் குட்டைக்குள் இறங்கி நடுவில் நின்றாள். குனிந்து பாறையை விரலால் தேய்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லா கீதா மேடம்?"

"வீரண்ணா, போன வருசம் நான் ஒண்ணு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? முட்டைங்க மண்ணுக்குள்ள இருக்கும்னு?"

வீரனுக்கு ஞாபகம் இருந்தது. அவள் சொன்னதல்ல, தான் தலையாட்டியது. அன்றைக்கு அவள் பேசப் பேச அவன் நன்றாகத் தலையாட்டினான். படித்தவர்கள் பேசும்போது தலையாட்டுவதில் அந்த மலையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"மழையோட வர்றது இல்லியா?" என்று கேட்டான், குரல் கொஞ்சம் இறங்கி.

"இல்லண்ணா. தண்ணி வத்தறதுக்கு முன்னாடி முட்டை விட்டுட்டுச் சாகும். முட்டை அடி மண்ணுல தங்கிடும். வெயில்ல காஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. வருசக்கணக்கா தூங்கும். மழைத் தண்ணி பட்டா முழிச்சுக்கும். அதுலயும் எல்லாம் ஒரே மழைக்கு முழிக்காது. கொஞ்சம் இந்த மழைக்கு, கொஞ்சம் அடுத்த வருசத்துக்கு. ஒரு மழை ஏமாத்திட்டா மொத்தமும் போயிடக் கூடாதுல்ல, அதுக்காக."

வீரன் கழுவிய பாறையைப் பார்த்தான். இவ்வளவு முன்யோசனை தனக்கு இருந்திருந்தால் அவன் இந்நேரம் திருப்பத்தூரில் ஆபீசராக இருந்திருப்பான்.

"கெடுத்துட்டனா மேடம்?"

"இப்ப எதுவும் சொல்ல முடியாதுண்ணா." எழுந்து சுடிதாரைத் தட்டினாள். பாறை அவ்வளவு சுத்தம், தட்டத் தூசியும் இல்லை. "அந்த மண்ணு எங்க இருக்கு?"

"பத்திரமா கீது மேடம்."

"எங்க?"

"சுவத்துல."

குப்பம்மாவின் புது வீடு பூசி முடிந்து, மத்தியான வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அழகான பூச்சு. வெடிப்பு இல்லை, பிசிறு இல்லை, பானையைத் தடவுவது போல வழுவழுவென்று இருந்தது. ரேணுகா உள்ளங்கையைச் சுவரில் வைத்தபடி மெல்ல நடந்தாள். ஒரு மூலையில் நின்று, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள்.

"இன்னா பொண்ணு, சுவத்துக்கு ஜொரமா?" என்றாள் குப்பம்மா, உள்ளேயிருந்து வந்து.

"இதுல சாணி கலந்தீங்களா அம்மா?"

"சாணி இல்லாம சுவரு நிக்குமா? உங்க ஊர்ல சக்கர போட்டுப் பூசுறாங்களா?"

"சாணி நல்லதுதான், குஞ்சுக்குத் தீனி. தண்ணி ஊத்திக் குழைச்சப்பதான்..." ரேணுகா வாக்கியத்தை முடிக்கவில்லை. குழைத்த ஈரத்தில் விழித்துக்கொண்டு, பிறகு வெயிலில் செத்துப்போனது எவ்வளவோ என்று வரும் வழியில் அவள் வீரனிடம் சொல்லியிருந்தாள்.

வீரன் தொண்டையைச் செருமினான். "அக்கா, ஒரு சின்ன ஒதவி. இந்தச் சுவத்த கொஞ்சம் சொரண்டிக்கட்டுமா?"

குப்பம்மா அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "குடிச்சிருக்கியா?"

"இல்லக்கா."

"அப்ப குடிச்சிட்டு வா. பொறவு பேசலாம்."

ரேணுகா விஷயத்தைப் பொறுமையாகச் சொன்னாள். குப்பம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள். கேட்டுவிட்டு, "பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்க. அவுங்க வந்து போவட்டும், பாக்கலாம்" என்றாள்.

"அவுங்க எப்ப வர்றாங்க?"

"வர்றப்ப வருவாங்க."

பாறைக்குத் திரும்பி நடக்கையில் வீரன் சொன்னான். "பாக்கலாம்னா எங்க அக்கா பாஷையில மூணு அர்த்தம் மேடம். முடியாது, முடியவே முடியாது, இன்னொரு தரம் கேட்டா கையில இருக்கிறது பறக்கும்."

ரேணுகா சிரித்தாள். ஆனால் சிரிப்பு கண்வரை ஏறவில்லை.  தன் ஜோக்குக்குச் சிரிக்காதவர்களை வீரன் நிறையப் பார்த்திருக்கிறான். தன் மனம் நோகக் கூடாதே என்று சிரித்தவளை அன்றுதான் பார்த்தான்.

கோடை மழை அந்த வாரமே இறங்கியது. சாமைக்கு உழ வேண்டும் என்று ஊரே மகிழ்ந்தது. கூனிக் குட்டை விளிம்பு வரை நிறைந்தது. இத்தனை தெளிவான தண்ணீரை அதில் யாரும் கண்டதில்லை. மேகமும் தெரிந்தது, எட்டிப் பார்க்கிற வீரனின் தாடியும் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

காலையில் ரேணுகா சின்ன வலையைப் போட்டு இழுப்பாள். வலையைக் கண்ணாடித் தட்டில் உதறி, பூதக்கண்ணாடியில் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. ஒரு நாள் கொசுப்புழு, ஒரு நாள் எங்கிருந்தோ வந்த ஒரு தவளை. அந்தத் தவளை வீரனைப் பார்த்த பார்வை, நீதானா அது என்று கேட்பது போல இருந்தது.

"கெடுத்துட்டனா மேடம்?" என்று தினமும் கேட்டான்.

"பாறை வெடிப்புல கொஞ்சம் தங்கியிருக்கலாம்" என்றாள் ஒரு நாள். "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்" என்றாள் மறுநாள். "தண்ணி சூடு ஏறணும்" என்றாள் அதற்கடுத்த நாள். ஒரு முறை திட்டிவிட்டால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். குப்பம்மாவிடம் திட்டு வாங்கி வளர்ந்த உடம்பு அது. இந்தப் பதில்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே அதற்குத் தெரியவில்லை.

ஒரு காலையில் சிக்னல் பாறையில் நின்று அவள் பேராசிரியரோடு பேசிக்கொண்டிருந்தாள். வீரன் ஒட்டுக் கேட்கவில்லை. அந்தப் பாறையில் நின்று பேசினால் ஊருக்கே கேட்கும். "புரியுது சார்... இல்ல சார், வேற குட்டையில புதுசா ஆரம்பிச்சா மூணு வருசம்... ஆமா சார்... கடலுக்கே போயிடறேன் சார்" என்றாள். பேசி முடித்து இறங்கும்போது வீரனைப் பார்த்து, "வாந்தி மாத்திரை எங்கண்ணா நல்லதா கிடைக்கும்?" என்று கேட்டாள். இந்த முறை ஜோக் அடித்தது அவள். சிரிக்க முடியாமல் போனது அவனுக்கு.

அன்று அவன் நேராகக் குப்பம்மா வீட்டுக்கு நடந்தான். போகிற வழியெல்லாம் பேச வேண்டியதைத் தயார் செய்துகொண்டான். கெஞ்சுவது, மிரட்டுவது, செத்துப்போன பெரியப்பாவை இழுப்பது என்று மூன்று வழி வைத்திருந்தான். மூன்றும் வேண்டியிருக்கவில்லை.

வடக்குப் பக்கம், கூரைத் தகடு இறங்குகிற மூலையில், மழைத் தண்ணீர் பிடிக்க ஒரு அலுமினிய அண்டா வைத்திருந்தாள் குப்பம்மா. தகட்டிலிருந்து கொட்டிய தண்ணீர் சுவரில் அடித்து, அந்த மூலையில் மட்டும் பூச்சைக் கரைத்து அண்டாவுக்குள் இறக்கியிருந்தது. அவன் போன சமயம் அவள் அண்டாவின் ஒரு காதைப் பிடித்துச் சாய்க்கத் தொடங்கியிருந்தாள்.

"இன்னாக்கா பண்ற?"

"கொசுவாம். டெங்குவுக்கு மருந்தடிக்க வந்த பொண்ணு, நின்ன தண்ணியெல்லாம் கவுத்துடுன்னுச்சு. பாரு, புழு நெளியுது."

வீரன் எட்டிப் பார்த்தான். கலங்கிய தண்ணீரில் அரிசிக் குறுணை அளவு ஏதோ நிறைய அலைந்துகொண்டிருந்தது. கொசுப்புழு துள்ளித் துள்ளி வளையும். இது வளையவில்லை. சீராக, சாவகாசமாக, கட்டிலில் படுத்து விசிறிக்கொள்கிற ஆள் மாதிரி வயிற்றை மேலே வைத்து மிதந்து போனது.

அடுத்து நடந்தது என்னவென்று வீரனுக்கே தெளிவாகத் தெரியாது. குப்பம்மா பிற்பாடு ஊரெல்லாம் சொன்னபடி பார்த்தால், அவன் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டானாம். பாதித் தண்ணீர் மடியில் கொட்டிவிட, வேட்டியை முறம் மாதிரி ஏந்திப் பிடித்து, "ஒண்ணும் கீழ விழல, ஒண்ணும் விழல" என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். மடித் தண்ணீரை மறுபடியும் அண்டாவில் பிழிய, பத்து வயதுக்கு மேல் அவன் செய்யக் கூடாத ஒரு காரியத்தை அக்காள் எதிரிலேயே செய்ய வேண்டிவந்தது. குப்பம்மா திரும்பிக்கொண்டு, துவைத்துக் காயப்போட்டிருந்த ஒரு துண்டை அவன் மேல் எறிந்தாள்.

செய்தி கேட்டு ரேணுகா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். தட்டில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுப் பூதக்கண்ணாடியை வைத்தவள், வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

"கூனிதானே மேடம்?"

"கூனிதான்."

"அப்ப சரியாப் போச்சு. தூக்கிக் குட்டையில ஊத்திடலாம்."

"ஊத்தலாம். ஆனா இதெல்லாம் குஞ்சு, எல்லாம் ஒரே அளவு. ஒரே மழைக்கு முழிச்சது. ஆணு பொண்ணு தெரியறதுக்கே இன்னும் நாளாகும். ஒரு திரள்னா அதுல சின்னது, பெருசு, முட்டை சுமக்கறது, அடி மண்ணுல அடுத்த மழைக்குக் காத்திருக்கிறதுன்னு எல்லாம் இருக்கணும். இத மட்டும் விட்டா, ஒரு வீட்டுல பாட்டன், அப்பன் யாரும் இல்லாம வெறும் பள்ளிக்கூடப் பசங்களா இருக்கிற மாதிரி. ஒரு நோய் வந்தா, தண்ணி சீக்கிரம் வத்துனா, அவ்வளவுதான்." அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். "இன்னும் தூங்கறதெல்லாம் அதுல இருக்கு."

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். பிறகு குப்பம்மாவைப் பார்த்தார்கள்.

குப்பம்மா வெற்றிலைப் பையை எடுத்து, ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளினாள். "தாய்மாமன்னா தங்கம் போடுவான், துணி போடுவான். இவன் எங்கூட்டுக் கல்யாணத்துக்கு மண்ணு போட்டான். போட்ட மண்ணையும் இப்ப சொரண்டிக்கினு போவ நிக்கிறான். சம்பந்தி வூட்ல கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

"நானே திரும்பப் பூசித் தர்றேன்கா."

"நீயா? நீ இட்லிக்குச் சட்னி பூசினாலே பாதி தரையில கெடக்கும்."

"அக்கா, இந்தப் பொண்ணுக்கு நான் கியாரண்டி கொடுத்துட்டேன். என் பேச்ச நம்பித்தான் அது கடல விட்டு மலைக்கு வந்துச்சு. இன்னிக்கு என்னாலயே மறுபடியும் படகு ஏறப் போவுது. உனக்கு வேணும்னா நான் இந்த மூலையில சுவராவே நிக்கறேன். பொண்ணு வூட்டுக்காரங்க வந்து தட்டிப் பாக்கட்டும்."

குப்பம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். கொஞ்ச நேரம் மென்றாள். அவள் கண் ரேணுகாவின் மேல் இருந்தது. அந்தப் பெண் அப்போதும் தட்டிலிருந்த ஒரு துளியை வீணாக்காமல் அண்டாவில் திருப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வடக்குப் பக்கம் யாரும் வர மாட்டாங்க" என்றாள் குப்பம்மா, காற்றைப் பார்த்துச் சொல்வது போல. "நான் ஆட்டுக்குத் தழ ஒடிக்கப் போறேன். மண்வெட்டி கதவுக்குப் பின்னால கீது. நான் திரும்பி வர்றப்ப சுவரு வெறுஞ்சுவரா இருந்துச்சுன்னா உன்ன வெட்டிப் பொதச்சு அது மேல பூசுவேன்."

சம்மதமா இல்லையா என்று ரேணுகா வீரனைப் பார்த்தாள். "இதுக்கு மேல எங்க அக்கா சம்மதிச்சதா சரித்திரமே இல்ல மேடம்" என்றான் வீரன்.

வடக்குச் சுவர் முழுக்கச் சுரண்டினார்கள். தண்ணீர் விடாமல், உலர்ந்த பூச்சை மேலாகச் சீவி, சாக்கில் பிடித்து, மண்ணைத் தண்ணீரில் தூவிக் குட்டையின் அடியில் படியவிட்டார்கள். அண்டாவில் இருந்ததைக் குடம் குடமாக, மலைப்பாதையில் தளும்பாமல் தூக்கிப் போய் மெல்லச் சாய்த்து விட்டார்கள். தளும்பாமல் தூக்கியது ரேணுகா. வீரன் தூக்கிய குடத்தில் கால்வாசி அவன் சட்டையில்தான் போனது. ரேணுகா விடவில்லை. அண்டாவில் வேட்டியைப் பிழிந்தது மாதிரியே சட்டையையும் குட்டைக்குள் பிழியவைத்தாள்.

பிறகு அவன் சுவருக்குத் திரும்பினான். ஓடைக்கரைச் செம்மண்ணைக் குழைத்துப் பூசினான். பூசப் பூச அது விழுந்தது. விழ விழ அவன் பூசினான். சாயங்காலம் தழைக்கட்டோடு வந்த குப்பம்மா, வடக்குப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, ஆட்டைக் கட்டப் போனாள். அந்தச் சுவர் அம்மை வார்த்து எழுந்த முகம் மாதிரி இருந்தது.

பெண் வீட்டார் வந்தார்கள். யாரும் போகாத வடக்குப் பக்கத்துக்குத்தான் பெண்ணின் அப்பா நேராகப் போனார். மூன்று பக்கம் பானை மாதிரி இருக்கிற வீட்டுக்கு நாலாவது பக்கம் இப்படி இருப்பானேன் என்று கேட்டார். வீரன் வாயைத் திறப்பதற்குள் குப்பம்மா சொன்னாள். "எங்க தம்பி கைவண்ணம். அந்தச் சுவத்துல மழ அடிச்சா கூனி பொறக்கும். உங்க பொண்ணு வந்தா பாக்கட்டும்." வந்தவர் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். இப்படிப் பேசுகிற மாமியார் இருந்தால் வீட்டில் பொழுது போகும் என்று அங்கேயே நாள் குறித்துவிட்டார். பூவரசன் கல்யாணத்துக்குத் தான் காரணம் என்று வீரன் இன்றுவரை சொல்லிக்கொள்கிறான்.

அதற்குள் இன்னொரு மழை இறங்கியிருந்தது. ஒரு வாரம் ரேணுகா அவனைப் பாறைக்கே வர விடவில்லை. "காலு, கை, தேங்கா நாரு எதுவும் கிட்ட வரக் கூடாதுண்ணா" என்று சொல்லிவிட்டாள். அவன் தூரத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, வலை இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்தபடி இருந்தான். அங்கிருந்து பார்க்க அவள் முகம் தெரியாது, முதுகு மட்டுமே தெரியும். முதுகைப் பார்த்து விஷயம் தெரிந்துகொள்ள அவன் கற்றுக்கொண்டான். முதலில் அது வளைந்தே இருந்தது. பிறகு ஒரு நாள் நிமிர்ந்தது.

அன்று அவளே கை காட்டிக் கூப்பிட்டாள்.

குட்டையில் தண்ணீர் கலங்கலாக, பழைய அழுக்கோடு இருந்தது. வீரனுக்கு அந்த அழுக்கைப் பார்க்கக் கண் குளிர்ந்தது. அதன் மேல் வெயில் விழுந்த இடத்தில் திரள் நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடி உடம்பும் சிவப்பு வாலுமாக, எல்லாம் மல்லாந்து, யாருக்கும் எந்த அவசரமும் இல்லாத மாதிரி போய்க்கொண்டிருந்தது. திரளின் ஓரத்தில் பெரிதான சில. உள்ளே சின்னச் சின்னக் குறுணை, போன மழைக்கு விழிக்காமல் இந்த மழைக்கு விழித்தவை.

ரேணுகா தட்டை நீட்டினாள். பூதக்கண்ணாடியை அவன் கையிலேயே கொடுத்தாள். "நெத்தியில கொம்பு மாதிரி பெருசா வளைஞ்சிருக்குல்ல, அது ஆணு. அதால பொண்ணப் புடிச்சுக்கும். இதப் பாருங்க, வயித்துக்குக் கீழ ஒரு பை தொங்குது. உள்ள புள்ளி புள்ளியா."

வீரன் பார்த்தான். பைக்குள் கடுகைவிடச் சின்னப் புள்ளிகள். அந்தத் துளித் தண்ணீரில் அந்தப் பெண் கூனி தன் பையைச் சுமந்துகொண்டு, கையில் கண்ணாடி வைத்திருப்பவன் யார் என்ற கவலையே இல்லாமல் நீந்தியது. இதெல்லாம் குப்பம்மா வீட்டுச் சுவரில் இருந்தது. அவன் நார் போட்டுத் தேய்த்தது இதைத்தான்.

அவனுக்கு ஏதாவது ஜோக் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஒன்றும் வரவில்லை. தட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

"மேடம். சுத்தி வளைக்காதீங்க. பாக்கலாம், சொல்ல முடியாது, இதெல்லாம் வாணாம். எனக்கு எங்க அக்கா ஒருத்தி போதும். நான் கெடுத்துட்டனா, இல்லியா?"

ரேணுகா தட்டைக் குட்டையில் முக்கி, உள்ளே இருந்ததை மெல்ல விட்டாள். அது திரளோடு சேர்ந்து மறைகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, நேராக முகத்தைப் பார்த்தாள்.

"கெடுத்துட்டீங்கண்ணா. போன வருசம் இருந்ததுல பாதிகூட இல்ல. ஆனா இருக்கிறது பொழைச்சுக்கும். நான் படகு ஏறல."